குடிவரும் முன் பாதை: ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பும் துவிச்சக்கர வண்டியும்

வானியல் அறிஞர் ஆதர் எடிங்டன் என்றதும் பலருக்கும் 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணமே நினைவுக்கு வரும். ஆபிரிக்காவை அண்டிய பிரின்சிப்பே தீவிலிருந்து அவர் அக்கிரகணத்தைப் படம்பிடித்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தார். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தாம் துவிச்சக்கர வண்டியில் சென்ற தூரங்களைக் குறித்து வைத்து, அவற்றிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து வந்தார். ஒரே நாளில் 50 மைலோ அதற்கு மேலோ சென்ற நாட்கள் 50 இருந்தால் அந்த எண் 50 ஆகும். அதனை 51 ஆக்குவதற்கு, 51 மைலுக்குக் குறையாமல் சென்ற நாட்கள் 51 வேண்டும். எனவே எண் உயர உயர அதனை மேலும் கூட்டுவது கடினமாகிக்கொண்டே போகும்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பின்னர் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கேம்பிறிட்ஜுக்குப் படிக்கச் சென்றவர். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றி இவ்விருவரும் 1935இல் பகிரங்கமாகவே கருத்து மாறுபட்டனர். ஆயினும் நட்பு முறியவில்லை. சந்திரசேகருக்கு எழுதிய கடிதமொன்றில் எடிங்டன் தமது எண் 77 ஆகிவிட்டதைத் தெரிவித்திருந்தார். 1944இல் அவர் காலமானபோது அது 84 ஆக இருந்தது.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் நகரின் வடமேற்கில் அமைத்துவரும் புதிய குடியிருப்புக்கு இந்த எடிங்டனின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். துவிச்சக்கர வண்டிக்கு இடமளித்து ஒரு குடியிருப்பைத் திட்டமிடுவது எப்படி, அதில் எது எளிது, எது கடினம் என்பதை விளங்கிக்கொள்ள இது நல்லதோர் உதாரணம்.

ஏன் இந்தக் குடியிருப்பு?

கேம்பிறிட்ஜ் சமதரையான நகரம். மேடு பள்ளம் குறைவு, வீதிகள் ஒடுங்கியவை. பல்கலைக்கழகத்தின் இளமாணி மாணவர்கள் விசேட அனுமதியின்றி நகரில் மோட்டார் வாகனம் வைத்திருக்கக் கூடாது என்ற விதி நீண்டகாலமாக உள்ளது. இந்தக் காரணங்களால் துவிச்சக்கர வண்டி அங்கு மாணவர்களுக்கு மாத்திரமன்றி எல்லோருக்கும் பழகிய வாகனமாயிற்று. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அந்நகரில் வசித்து வேலை செய்வோருள் 29 வீதத்தினர் துவிச்சக்கர வண்டியிலேயே வேலைக்குச் சென்றனர். இங்கிலாந்தின் வேறெந்த உள்ளூராட்சிப் பிரிவிலும் இந்த அளவு இல்லை.

ஆனால் நகரம் வளர வளர வீட்டு வாடகையும் வீட்டு விலையும் ஏறின. பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் ஆய்வாளர்களும் தொழில்நுட்ப உதவியாளர்களும் ஏனைய ஊழியர்களும் நகருக்குள் வீடு தேடிக்கொள்ள முடியாமல் தொலைவிலுள்ள கிராமங்களுக்குப் போக நேர்ந்தது. தொலைவில் வசிப்பவர் காரில் வருவார். காரில் வருபவர்கள் கூடினால் நகரின் வீதிகள் அடைபடும். அடைபட்ட வீதியில் துவிச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து கூடும். எனவே வீட்டுப் பிரச்சினையும் வீதிப் பிரச்சினையும் ஒன்றோடொன்று பின்னியவை.

இதற்குப் பரிகாரமாகப் பல்கலைக்கழகம் தனக்குச் சொந்தமான விவசாயக் காணியில் குடியிருப்பொன்றை அமைக்க முன்வந்தது. ஹன்டிங்டன் வீதிக்கும் மடிங்லி வீதிக்கும் இடைப்பட்ட அக்காணி ஏறத்தாழ 150 ஹெக்டேயர் பரப்புடையது. நகர மையம் அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரம். துவிச்சக்கர வண்டியில் கால் மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். 3,000 வீடுகளும் பட்டப்பின்படிப்பு மாணவர் 2,000 பேருக்கான தங்குமிடங்களும் திட்டமிடப்பட்டன. வீடுகளுள் பாதி பல்கலைக்கழகத்தினதும் கல்லூரிகளினதும் ஊழியர்களுக்கு உரியவை. 2009இல் இப்பகுதிக்கான திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2013இல் பொது அனுமதி கிடைத்தது. 2017இல் முதற் குடியிருப்பாளர்கள் வந்து சேர்ந்தனர்.

2009ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு முக்கிய நிபந்தனை இருந்தது. இக்குடியிருப்புத் தொடர்பான வேலைப் பயணங்களுள் 40 வீதத்துக்கு மேல் காரில் அமையக் கூடாது என்பதே அது. எத்தனை வீடு, எத்தனை கடை என்று கணக்கிடுவது போலவே, மக்கள் எப்படிப் பயணம் செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே ஓர் இலக்காக எழுதி வைத்தார்கள்.

இரண்டு பழைய பாடங்கள்

பாதை போட்டுவிட்டால் மக்கள் தாமாகவே துவிச்சக்கர வண்டியில் ஏறிவிடுவார்களா? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் என்னும் நகரம் விடை தருகிறது. 1946இல் புதிய நகராகப் பிரகடனப்படுத்தப்பட்ட இங்கு, எரிக் குளாக்ஸ்டன் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் நகர் முழுவதும் தனியான துவிச்சக்கர வண்டிப் பாதைகள் அமைக்கப்பட்டன. பெருவீதிகளை அவை நிலக்கீழ் வழிகளால் கடந்து சென்றன. வண்டியோட்டுபவர் பெருஞ்சந்திகளில் காரை எதிர்கொள்ளவே தேவையில்லை. அக்காலத்தில் வெளிநாட்டவர்களும் வந்து பார்த்துச் சென்ற வேலை அது.

ஆனால் அங்கு மக்களுள் மிகச் சிறு பகுதியினரே துவிச்சக்கர வண்டியை நாடினர். காரணம், காரோட்டுபவர்களுக்கும் அந்நகரில் அகன்ற வீதிகளும் தாராளமான தரிப்பிடங்களும் கிடைத்தன. எங்கும் நேராகவும் விரைவாகவும் காரிலேயே போய் இறங்க முடிந்தபோது, நல்ல பாதை பக்கத்தில் இருந்தும் அதனைத் தேடிச் செல்வார் இல்லை.

நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரம் இதற்கு மறுபுறம். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு கிராமம் 1970களிலிருந்து நகராக விரிவாக்கப்பட்டது. இன்று அங்கு ஏறத்தாழ 50,000 பேர் வசிக்கின்றனர். அங்கே காரில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போக வேண்டுமானால், பெரும்பாலும் நகரைச் சூழ்ந்துள்ள வட்ட வீதிக்கு வெளியேறி, சுற்றிச் சென்று மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். நடப்பவரும் துவிச்சக்கர வண்டியில் செல்பவரும் நடுவால் நேரே போகலாம். புகையிரத நிலையமும் கடைகளும் நகர நடுவில் உள்ளன. பாடசாலைகள் பல பெருவீதியோரத்தில் இல்லாமல் துவிச்சக்கர வண்டிப் பாதையோரத்தில் உள்ளன. காருக்கு அங்கு தடையில்லை. ஆனால் குறுக்கு வழி காருக்கு இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மக்கள் போதனைக்காகப் பயணம் செய்வதில்லை. எது இலகுவோ அதனையே தெரிவு செய்வார்கள். எனவே துவிச்சக்கர வண்டிப் பயணம் குறுகியதாகவும் நேரானதாகவும் அமையும்படி முழுத் திட்டத்தையும் வகுக்க வேண்டும். வரைபடம் முடிந்தபின் ஓரத்தில் ஒரு கோடு சேர்ப்பதால் இது நடவாது.

நல்ல பாதை என்பது எது?

நெதர்லாந்துப் பொறியியலாளர்கள் நல்ல பாதைக்கு ஐந்து இலக்கணங்களைக் கூறுவர். தொடர்ச்சி, நேர்மை, பாதுகாப்பு, வசதி, கவர்ச்சி என்பவையே அவை. நேர்மை என்பது இங்கு சுற்றாமல் நேரே செல்வதைக் குறிக்கும். பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களம் 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வைந்தையும் ஏற்றுக்கொண்டுள்ளது. அந்த வழிகாட்டி இன்னொன்றையும் தெளிவாகக் கூறுகிறது: துவிச்சக்கர வண்டி ஒரு வாகனம், அதனை நடப்பவருடன் சேர்த்து நடைபாதையில் ஏற்றிவிடுவது நகர வீதிகளுக்குப் பொருந்தாது. நடப்பவர் மணித்தியாலத்துக்கு 5 கிலோமீற்றர் போவார். வண்டியோட்டுபவர் அதைப் போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் போவார். இருவரையும் ஒடுங்கிய பாதையொன்றில் விட்டால் முதியவர்கள் அஞ்சுவர், ஓட்டுபவரும் சலிப்படைவார்.

அகலமும் முக்கியம். இருபக்கமும் போய்வரும் பாதையில், நெருக்கடியான ஒரு மணித்தியாலத்தில் 1,000 வரையான வண்டிகள் சென்றால் 3 மீற்றர் அகலமும், அதற்கு மேற்பட்டால் 4 மீற்றர் அகலமும் விரும்பத்தக்கவை என்று அவ்வழிகாட்டி கூறுகிறது. பல்கலைக்கழகத்தை அண்டிய பாதையில் இது வெறும் கணக்கன்று. விரிவுரை தொடங்கும் நேரம் நெருங்கும்போது எல்லோரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் வருவார்கள். சாதாரண நாளின் சராசரியைப் பார்த்து அகலத்தைத் தீர்மானித்தால் காலையில் அப்பாதை போதாது.

எல்லா வண்டியும் ஒரே அளவினதுமன்று. பிள்ளைகளை முன்பெட்டியில் ஏற்றிச் செல்லும் வண்டிகள், வலுக்குறைந்தோர் ஓட்டும் முச்சில்லு வண்டிகள், பின்னால் இழுவைப்பெட்டி பூட்டிய வண்டிகள் ஆகியனவும் வரும். ஆகவே 2.8 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உடைய வண்டி திரும்பக்கூடியதாக வளைவுகளை அமைக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளைத் தடுப்பதற்கென்று பாதை வாயிலில் நெருக்கமாகக் கம்பி நாட்டினால், முதலில் தடைப்படுபவர் முச்சில்லு வண்டியில் வரும் வலுக்குறைந்தவரே.

சிறு குறைகளும் பெரிய தடைகளாகும். பாதையோரக் கல் அரை அங்குலம் உயர்ந்து நின்றாலும் மழை நாளில் சில்லு சறுக்கும். ஒவ்வொரு பக்க வீதியிலும் இறங்கி நின்று காருக்கு வழிவிட வேண்டுமானால் பாதை இருந்தும் பயனில்லை. அவ்விடங்களில் பாதையை அதே மட்டத்தில் தொடரவிட்டு, கார் மெதுவாக ஏறி இறங்கும்படி செய்வதே முறை.

எடிங்டனில் செய்தவை

எடிங்டன் குடியிருப்பின் ஊடாக ரிட்ஜ்வே என்னும் பாதை செல்கிறது. மோட்டார் வாகனங்களிலிருந்து விலகி, நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியில் செல்வோருக்கும் உரிய முதுகெலும்பாக அது அமைந்துள்ளது. வீடுகளுடன் பாடசாலை, கடை, சமூக மண்டபம் என்பனவும் நடந்து செல்லும் தூரத்தில் வைக்கப்பட்டன. பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் கார் எடுக்கத் தேவையில்லாவிடில், வேலைக்கு மட்டும் அதனை எடுக்கும் எண்ணமும் குறையும்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று, பல்கலைக்கழகத்தின் ஆரம்பப் பாடசாலை 2015 செப்டெம்பரிலேயே திறக்கப்பட்டமையாகும். முதற் குடும்பங்கள் குடிவந்தது அதற்குப் பின்னரே. புதிய வீட்டுக்கு வரும் குடும்பம் முதல் ஓரிரு வாரங்களிலேயே தனது பழக்கங்களை அமைத்துக்கொள்ளும். பிள்ளையை எங்கு சேர்ப்பது, எந்த வழியால் போவது, கார் வாங்குவதா இல்லையா என்பனவெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். பாடசாலை மூன்று வருடத்தின் பின் வருமென்றால் பிள்ளை தூரத்துப் பள்ளியொன்றில் சேர்ந்துவிடும், கார் வாங்கியாகிவிடும். வாங்கிய காரைப் பின்னர் கைவிடுவார் எவருமில்லை. பாதைக்கும் இதுவே பொருந்தும். வீடுகளை முதலிற் கட்டிப் பாதையைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போலாகும்.

வண்டியை வைக்கும் இடமும் திட்டத்தின் ஒரு பகுதியே. கேம்பிறிட்ஜ் நகரின் 2018ஆம் ஆண்டுத் திட்டம், மூன்று படுக்கையறை வரையான வீடுகளில் அறைக்கு ஒன்று வீதம் துவிச்சக்கர வண்டிக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. எண்ணிக்கை மட்டும் போதாது. மாடிப்படியால் தூக்கிச் செல்ல வேண்டிய இடமும், மூன்று கதவு திறந்து போக வேண்டிய நிலவறையும் கணக்கில் இருந்தாலும் பாவனையில் இராது. வாசலில் நிற்கும் காரைவிட வண்டி கைக்கு எட்டியதாக இருக்க வேண்டும். மழை படாமலும் களவு போகாமலும் இருக்க வேண்டும்.

மழைக்கும் பனிக்கும் நோய்க்கும் மாற்று வழியும் வேண்டும். அதற்காக எடிங்டனையும் மேற்குக் கேம்பிறிட்ஜ் ஆய்வுக்கூடங்களையும் நகரையும் தென்புறத்து மருத்துவமனை வளாகத்தையும் இணைக்கும் பஸ் சேவையொன்று பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் ஏற்பட்டது. நல்ல பஸ் சேவை இருந்தால், துவிச்சக்கர வண்டி ஓட்டுபவர் இரண்டாவது வாகனமாகக் கார் வைத்திருக்க வேண்டியதில்லை.

வேலி முடியும் இடம்

குடியிருப்பின் உள்ளே எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் பயணம் உள்ளே முடிவதில்லை. எடிங்டனில் வசிப்பவர் மேற்குக் கேம்பிறிட்ஜிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல மடிங்லி வீதியைக் கடக்க வேண்டும். நகர மையத்துக்குச் செல்பவர் ஏதோ ஓரிடத்தில் பழைய வீதிகளில் இறங்கியே ஆக வேண்டும். பத்து நிமிடப் பயணத்தில் ஒன்பது நிமிடம் பாதுகாப்பாகவும் ஒரு நிமிடம் அச்சத்துடனும் கழியுமானால், பெற்றோர் அந்த ஒரு நிமிடத்தை வைத்தே முடிவெடுப்பார்கள். பிள்ளைக்கு வண்டி கொடுக்கமாட்டார்கள்.

இங்குதான் நிர்வாகச் சிக்கலும் வருகிறது. காணி பல்கலைக்கழகத்துக்கு உரியது. அதன் ஒரு பகுதி கேம்பிறிட்ஜ் நகர சபை எல்லையிலும் மற்றப் பகுதி தென் கேம்பிறிட்ஜ்ஷயர் மாவட்ட சபை எல்லையிலும் உள்ளன. வெளியே செல்லும் வீதிகளோ கவுன்டி சபையின் பொறுப்பில் உள்ளன. ஒருவர் தமது எல்லைக்குள் நல்ல பாதை அமைத்தாலும், அது அடுத்தவர் எல்லையில் சேருமிடத்தில் நின்றுபோகலாம். 2010களின் நடுப்பகுதியில் ஹன்டிங்டன் வீதியில், நகரிலிருந்து வெளிச்செல்லும் பக்கத்தில், வீதி மட்டத்தைவிடச் சற்று உயர்த்திய துவிச்சக்கர வண்டித் தடம் போடப்பட்டது. இத்தகைய வேலைகள் குடியிருப்பின் உள்வீதிகளைப் போலவே முக்கியமானவை.

பழைய வீதியைத் திருத்துவது எவ்வளவு செலவானது என்பதற்கும் கேம்பிறிட்ஜே சாட்சி. நகரின் தென்புறத்தில் ஃபென்டன் வீதிச் சந்தியில், நடப்பவருக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் முன்னுரிமை தரும் நெதர்லாந்து முறையிலான சுற்றுவட்டம் 2020 ஜூலையில் திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. முதலில் 8 இலட்சம் பவுணாக மதிப்பிடப்பட்ட செலவு இறுதியில் ஏறத்தாழ 23 இலட்சம் பவுணானது. போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும் வீதியில், நிலத்தின் கீழுள்ள குழாய்களையும் கம்பிகளையும் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலைக்கு இப்படித்தான் செலவு ஏறும். வெறுங்காணியில், வரைபடக் கட்டத்திலேயே அதே சந்தியைச் சரியாக அமைத்தால் இந்தச் செலவின் பெரும்பகுதி மீதமாகும்.

எப்போது பேச வேண்டும்?

இங்கிலாந்தில் பெரிய குடியிருப்புக்கான அனுமதி இரண்டு கட்டங்களில் வழங்கப்படுவது வழக்கம். முதலாவது பொது அனுமதி. வீடுகளின் தொகை, வெளிவீதிகளுடன் சேரும் சந்திகள் போன்ற பெரிய விடயங்கள் இதில் முடிவாகும். பின்னர் ஒவ்வொரு பகுதியினதும் நுணுக்கமான வரைபடங்கள் தனித்தனியே வரும். பொதுமக்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்திலேயே, தமது வீட்டுக்கு முன்னால் மண்வெட்டும் இயந்திரம் வந்தபின்னரே, விழித்துக்கொள்கிறார்கள். அப்போது பாதையின் நிறத்தைப் பற்றிப் பேசலாம். சந்தியை மாற்ற முடியாது.

அபிவிருத்தி செய்பவரும் சபைகளும் 1990ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடற் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் உடன்படிக்கையொன்றைச் செய்துகொள்ள இடமுண்டு. இன்னின்ன எண்ணிக்கையான வீடுகளில் ஆட்கள் குடியேறுமுன் இந்தப் பாதையோ அந்தப் பாடசாலையோ முடிக்கப்பட வேண்டும் என்று அதில் எழுதலாம். பாதை போடப்படும் என்ற வாக்குறுதிக்கும், 100ஆவது வீட்டில் ஆட்கள் குடிபுகுமுன் பாதை போடப்படும் என்ற எழுத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முதலாவதை ஒத்திவைக்கலாம். இரண்டாவதை ஒத்திவைத்தால் வீடுகள் வெறுமையாகக் கிடக்கும், ஆகவே ஒத்திவைக்கமாட்டார்கள்.

கேம்பிறிட்ஜில் 1995ஆம் ஆண்டிலிருந்து துவிச்சக்கர வண்டி ஓட்டுவோரின் சங்கமொன்று இயங்கி வருகிறது. புதிய குடியிருப்புகளின் வரைபடங்களை வரிவரியாக வாசித்து, எந்த வளைவு ஒடுங்கியது, எந்தச் சந்தியில் பாதை அறுந்துபோகிறது என்று உரிய காலத்தில் எழுத்தில் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளுள் ஒன்று. அதன் அங்கத்தவர்களுள் பெரும்பாலானோர் பொறியியலாளர்கள் அல்லர். தினமும் அவ்வழியால் போகிறவர்கள்.

வரைபடத்தைப் பார்க்கும்போது

இத்தகைய ஒரு திட்டத்தின் வரைபடம் நம்மிடம் கிடைத்தால் என்ன பார்ப்பது? சில எளிய கேள்விகள் போதும்.

1. வீட்டு வாசலிலிருந்து பாடசாலை, கடை, விரிவுரை மண்டபம் ஆகியவற்றுக்குத் துவிச்சக்கர வண்டியில் போகும் வழி, காரில் போகும் வழியைவிடக் குறுகியதா?

2. பாதை எங்காவது அறுந்து நிற்கிறதா? குடியிருப்பின் எல்லையைத் தாண்டியபின் அது எங்கு போய்ச் சேர்கிறது? அந்த வீதி யார் பொறுப்பில் உள்ளது?

3. தனியே செல்லும் பத்து வயதுப் பிள்ளையும், மெதுவாக ஓட்டும் எழுபது வயது முதியவரும், முச்சில்லு வண்டியில் வருபவரும் எல்லாச் சந்திகளையும் அச்சமின்றிக் கடக்க முடியுமா?

4. நடப்பவருக்கு வேறு இடம் இருக்கிறதா?

5. வண்டியை வைக்கும் இடம் வாசலுக்கு அண்மையிலா, நிலவறையின் மூலையிலா?

6. எத்தனையாவது குடும்பம் வருமுன் இவை முடியும் என்று எழுத்தில் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால், முதல் ஐந்துக்கும் கிடைத்த விடைகளை அதிகம் நம்ப வேண்டாம். முதல் நாள் காலையில் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு அன்றைக்குப் பாதை வேண்டும். அன்று அது இல்லையென்றால் அந்தக் குடும்பம் வேறு வழியைத் தேடிக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் காராகவே இருக்கும்.